கிரேக்க மட்கலங்களில் மது விருந்து: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் பண்டைய ஏதென்ஸ் நகரத்து மட்கலங்கள் சிலவற்றின் வண்ணப்படங்களை வெளியிட்டிருந்தோம். அவற்றுள் பல மது விருந்தைக் காட்டுபவை என்பதால் அதைப் பற்றியே நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே செய்தியைக் கேட்ட கடிதங்களை ஒன்றாக்கி இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி (கும்பகோணம் வாசகர்): படங்களில் இருப்பவர்கள் எல்லோரும் சாய்ந்து படுத்தபடியே குடிக்கிறார்கள். உட்கார்ந்து உண்ணும் வழக்கம் கிரேக்கர்களிடம் இல்லையா? அந்த விருந்து எப்படித்தான் நடந்தது?

உட்கார்ந்து உண்ணும் வழக்கம் இருந்தது. ஹோமரின் காவியங்களில் வரும் வீரர்கள் நாற்காலியில் அமர்ந்தே விருந்துண்கிறார்கள். சாய்ந்து உண்ணும் முறை அதற்குப் பின்னர் கிழக்கு நாடுகளின் அரசவைகளிலிருந்து கிரேக்கர்களை வந்தடைந்தது. அசீரியப் பேரரசன் அஷுர்பானிபால் தன் தோட்டத்தில் திராட்சைக் கொடிகளின் நிழலில் மஞ்சத்தில் சாய்ந்து மது அருந்த, அரசி எதிரே நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் புடைப்புச் சிற்பம் ஒன்று நினிவே அரண்மனையில் கிடைத்தது, ஏறத்தாழ கி.மு. 645ஐச் சேர்ந்த அந்தச் சிற்பம் இப்போது லண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிரேக்கக் கலங்களில் சாய்ந்திருக்கும் விருந்தினரைக் காட்டும் மிகப் பழைய படங்களுள் ஒன்று, கி.மு. 600 அளவில் கொரிந்து நகரில் செய்யப்பட்டு இன்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு பெரிய சாடியில் இருக்கிறது. யூரிட்டியோஸ் மன்னனின் வீட்டு விருந்தில் வீரன் ஹெராக்ளீஸ் மஞ்சத்தில் சாய்ந்திருக்கிறான். மன்னனின் மகள் இயோலே மஞ்சங்களுக்கு இடையே நிற்கிறாள். மேசைகளின் மேல் உணவு இருக்க, மஞ்சங்களின் அடியில் நாய்கள் கட்டப்பட்டிருக்கின்றன.

அசீரியச் சிற்பத்தில் சாய்ந்திருப்பவன் அரசன் ஒருவன் மட்டுமே. கிரேக்கர்களோ விருந்துக்கு வந்த அத்தனை பேரையும் ஒரே உயரத்து மஞ்சங்களில் சாய வைத்தார்கள். அரசனுக்கு உரிய சொகுசை ஒரு நண்பர் குழு தங்களுக்குள் சமமாகப் பங்கிட்டுக்கொண்ட இந்த மாற்றத்தை நாம் மிக முக்கியமானதாகக் கருதுகிறோம். கலங்களில் உள்ள விருந்துப் படங்களில் இன்னார்தான் தலைவர் என்று எளிதில் சொல்ல முடியாததற்கு இதுவே காரணம்.

விருந்து வீட்டின் ஆடவர் கூடத்தில் நடந்தது. அந்த அறையின் வாசல் சுவரின் நடுவில் இராமல் சற்று ஒதுங்கியிருக்கும்; மஞ்சங்களைச் சுவரோரமாக ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்றின் தலைமாடு மற்றொன்றின் கால்மாட்டைத் தொடும்படி போடுவதற்காகவே அப்படிக் கட்டினார்கள். கி.மு. 348இல் மாசிடோனிய மன்னன் இரண்டாம் பிலிப்பு அழித்த ஒலிந்தஸ் நகரின் வீடுகளில், கூழாங்கற்களைப் பதித்து அழகு செய்த இத்தகைய கூடங்களை அகழாய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். சாதாரணமாக ஏழு மஞ்சங்கள் இருந்தால், மஞ்சத்துக்கு இருவராகப் பதினான்கு பேர் சாயலாம். இடது முழங்கையைத் திண்டில் ஊன்றி வலது கையைக் கிண்ணத்துக்கு விட்டுவைப்பது முறை. முதலில் உணவு முடியும். மேசைகளை எடுத்து, தரையைக் கூட்டி, கைகழுவி, தலையில் மாலை சூடி, தெய்வங்களுக்கு மதுவைத் தரையில் சொரிந்த பின்னரே குடிவிருந்து தொடங்கும். கவிஞரும் சிந்தனையாளருமான செனோபனீஸ், இந்த நேரத்தின் தூய தரையையும் தூய கைகளையும் கிண்ணங்களையும், மகிழ்ச்சி நிறைந்து நிற்கும் பெருஞ்சாடியையும், தண்ணீரையும் ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் தேனையும் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாடியிருக்கிறார்.

ஒன்றை மட்டும் இந்தப் பக்கங்கள் முழுவதிலும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். நாம் கண்ணாடிப் பெட்டிக்குள் காணும் இந்தக் கலங்கள், அவற்றின் மேல் வரையப்பட்டிருக்கும் அதே விருந்தில் புழங்குவதற்காகச் செய்யப்பட்டவை. கையில் கிண்ணத்துடன் சாய்ந்திருந்தவன், கிண்ணத்துடன் சாய்ந்திருக்கும் இன்னொருவனின் படத்தைப் பார்த்தபடி குடித்தான். படத்தைக் கலத்தின் வேலையிலிருந்து பிரித்துவிட்டால் பாதிப் பொருள் போய்விடும்.

கேள்வி (கோவை வாசகர்): மதுவில் தண்ணீர் கலந்து குடித்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அது சிக்கனமா, அல்லது ஆரோக்கியமா?

சிக்கனத்தைவிட ஒழுங்கே காரணம். தண்ணீர் கலக்காத மதுவைக் குடிப்பது நாகரிகமற்றவர்களின் செயல் என்று கிரேக்கர்கள் உறுதியாக நம்பினார்கள். ஸ்பார்ட்டாவின் அரசன் கிளியோமினீஸ் பித்துப்பிடித்து இறந்ததற்கு, வடக்கே வாழ்ந்த நாடோடிகளான சித்தியர்களோடு பழகிக் கலக்காத மதுவைக் குடிக்கக் கற்றுக்கொண்டதே காரணம் என்று ஸ்பார்ட்டர்களே சொன்னதாக வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். மூன்று பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு மது என்பது பழம்புலவர் ஹெஸியடின் கணக்கு. கி.மு. 6ஆம் நூற்றாண்டின் கவிஞர் அனாக்ரியன், பத்துக் கரண்டித் தண்ணீரும் ஐந்து கரண்டி மதுவும் ஊற்றும்படி பணியாளச் சிறுவனிடம் சொல்லிவிட்டு, சித்தியர்களைப் போலக் கூச்சலிட்டுக் குடிக்காமல் நல்ல பாடல்களுக்கு நடுவே குடிப்போம் என்று நண்பர்களை அழைக்கிறார்.

அளவை முடிவு செய்ய விருந்தின் தலைவர் ஒருவரை அன்றன்றைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். கலக்கும் இடம் 'கிராட்டெர்' எனும் அகன்ற வாய்ச் சாடி. அது கூடத்தின் நடுவில் நின்றது. எல்லோரும் ஒரே சாடியிலிருந்து ஒரே வலிமையுள்ள மதுவைக் குடித்தார்கள் என்பதால், அந்தச் சாடியே அந்த இரவுக்குச் சட்டமாகவும் இருந்தது. மதுவைக் கொண்டுவரும் 'ஆம்போரா' எனும் இரு கைப்பிடி ஜாடி, தண்ணீருக்கான மூன்று கைப்பிடிக் குடம், முகந்து ஊற்றும் செம்பு, குடிக்கும் 'கைலிக்ஸ்' கிண்ணம் ஆகியவை அதைச் சூழ்ந்திருந்தன. மதுவைக் குளிர்விக்கக் காளான் வடிவத்தில் 'ஸிக்டெர்' என்று ஒரு கலம் இருந்தது. அதைப் பெரிய சாடிக்குள் மிதக்க விடுவார்கள். அது மெல்லச் சுழலும்போது அதன் வயிற்றுப் பகுதியிலுள்ள உருவங்கள் விருந்தினர்முன் ஊர்வலம் போயிருக்கும். தட்டையான புகைப்படத்தில் அந்தக் கலத்தைப் பார்க்கும்போது இது நமக்குத் தோன்றுவதே இல்லை.

கேள்வி (சென்னை வாசகர், ஓவியக் கல்லூரி மாணவி): கறுப்பும் செம்மண் நிறமும் 2,500 ஆண்டுகள் ஆகியும் மங்காமல் இருக்கின்றன. என்ன வண்ணம் பூசினார்கள்?

வண்ணப்பொடி எதுவும் அல்ல. கலமும் களிமண், அதன் மேல் பூசியதும் களிமண். ஏதென்ஸைச் சுற்றியுள்ள மண்ணில் இரும்புச் சத்து அதிகம். அந்த மண்ணையே நீரில் கரைத்துப் படியவிட்டு, மிக நுண்ணிய துகள்களை மட்டும் பிரித்தெடுத்த குழம்பால் ஓவியர் வரைந்தார். வரையும்போது கலத்துக்கும் குழம்புக்கும் நிற வேறுபாடு அதிகம் இராது. கறுப்பும் சிவப்பும் சூளைக்குள் பிறந்தவை.

சூளையை ஒரே மூட்டத்தில் மூன்று கட்டமாக எரித்தார்கள். முதலில் காற்று தாராளமாகப் புக, கலம் முழுவதும் சிவக்கும். அடுத்து, வெப்பம் 900 பாகை செல்சியஸைத் தாண்டும் அளவில், காற்று வழிகளை அடைத்துப் பச்சை விறகைப் போட, கலம் முழுவதும் கறுக்கும். நுண்ணிய குழம்பு பூசிய இடங்கள் மட்டும் உருகி இறுகிக் கண்ணாடித் தன்மை பெறும். கடைசியாகக் காற்றை மீண்டும் விட்டால், துளைகளுள்ள வெறும் மண் காற்றை உறிஞ்சிச் சிவப்புக்குத் திரும்புகிறது. இறுகிய குழம்போ காற்றை உள்ளே விடாமல் கறுப்பாகவே நின்றுவிடுகிறது. வெப்பத்தைக் காட்டும் கருவி எதுவும் இல்லாமல், தீயின் நிறத்தையும் சோதனைக்காக வைத்த ஓட்டுத்துண்டுகளையும் பார்த்தே இதைச் செய்தார்கள் என்பதை எண்ணும்போது அந்தக் குயவர்கள்பால் பெரும் மதிப்பு உண்டாகிறது.

கி.மு. 700 அளவில் கொரிந்து நகரில் தோன்றிய கருவுருவ முறையில், உருவங்களைக் கறுப்பாகத் தீட்டி, உள் கோடுகளைக் கூரிய முனையால் கீறினார்கள். ஏறத்தாழ கி.மு. 525இல் ஏதென்ஸில் இதைத் தலைகீழாக்கினார்கள்: பின்புலம் கறுப்பு, உருவம் மண்ணின் சிவப்பு. கீறலுக்குப் பதிலாகத் தூரிகை வந்ததும் தசையின் மடிப்பையும் ஆடையின் நெளிவையும் சாய்ந்து கிடக்கும் உடலின் திருப்பத்தையும் காட்ட முடிந்தது. சாய்ந்த உடலை வரைவது கடினம். செவ்வுருவ முறையின் முதல் தலைமுறை ஓவியர்கள் விருந்துக் காட்சியை அவ்வளவு விரும்பி வரைந்ததில், தங்கள் புதிய திறனைச் சோதித்துப் பார்க்கும் ஆர்வமும் சேர்ந்திருந்தது என்றே நமக்குத் தோன்றுகிறது. அந்தத் தலைமுறையைச் சேர்ந்த யூதிமிடீஸ், குடித்துவிட்டு ஆடும் மூன்று ஆடவரை முதுகும் விலாவும் திரும்பத் திரும்ப வெவ்வேறு கோணங்களில் தெரியும்படி ஓர் ஆம்போராவில் வரைந்து, "யூஃப்ரோனியோஸ் ஒருபோதும் செய்யாதபடி" என்று பக்கத்தில் எழுதி வைத்தார். மியூனிக் நகரில் இருக்கும் அந்தக் கலத்தில், தன் காலத்தின் மற்றொரு பெரிய ஓவியரை நோக்கிய அந்தப் பெருமிதம் இன்றும் படிக்கும்படி நிற்கிறது.

கேள்வி (யாழ்ப்பாணம் வாசகர்): சில கிண்ணங்களின் வெளிப்புறத்தில் இரண்டு பெரிய கண்கள் மட்டும் வரையப்பட்டிருக்கின்றன. கண்ணேறு கழிப்பதற்காகவா?

தீமையை விலக்கும் எண்ணம் அதில் கலந்திருக்கலாம் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. ஆனால் கிண்ணத்தைக் கையில் எடுத்துக் குடிப்பதாக எண்ணிப் பாருங்கள். கைலிக்ஸ் என்பது அகலமான, ஆழமில்லாத கிண்ணம். இரு பக்கமும் கைப்பிடி, கீழே தண்டுடன் கூடிய பாதம். முழுதாகச் சாய்த்துக் குடிக்கும்போது அது குடிப்பவரின் முகத்தை அப்படியே மறைத்துவிடும். எதிர் மஞ்சத்தில் இருப்பவருக்கு அவருடைய முகத்தின் இடத்தில் இரண்டு பெருங்கண்களும், காதுகளைப் போலக் கைப்பிடிகளும், திறந்த வாயைப் போலப் பாதத்தின் அடிப்பகுதியும் தெரியும். குடிப்பவர் அந்தக் கணத்தில் முகமூடி அணிந்தவராகிவிடுகிறார். முகமூடி மதுவின் தெய்வமான டயோனிசஸுக்கு உரியது. தூணில் முகமூடியை மாட்டி ஆடை உடுத்தி அந்தத் தெய்வத்தை வழிபட்டதைக் கலங்களிலேயே காண்கிறோம்.

இந்தக் கண் கிண்ணங்களில் தலைசிறந்தது, சென்ற இதழில் நாம் வெளியிட்டது: ஏதென்ஸின் குயவரும் ஓவியருமான எக்செக்கியாஸ் கி.மு. 540–530 அளவில் செய்தது. இத்தாலியின் வுல்சி என்னுமிடத்தில் கிடைத்து இப்போது மியூனிக்கில் உள்ளது. ஏறத்தாழ 30 செ.மீ. விட்டமுள்ள அதன் உட்புறம் முழுவதும் பவளச் சிவப்பு. நடுவே ஒரு பாய்மரக் கப்பல். அதில் டயோனிசஸ் தனியாகச் சாய்ந்திருக்கிறார், விருந்தில் சாய்ந்திருப்பதைப் போலவே. பாய்மரத்தைச் சுற்றித் திராட்சைக் கொடி ஏறி ஏழு குலைகளைத் தொங்கவிட்டிருக்கிறது. கப்பலைச் சுற்றி ஏழு டால்பின்கள் நீந்துகின்றன. டயோனிசஸை இளவரசன் என்று எண்ணிக் கடத்திச் சென்ற கடற்கொள்ளையர்கள், கப்பலில் கொடி படர்ந்ததையும் மது பெருகியதையும் கண்டு அஞ்சிக் கடலில் குதித்து டால்பின்களாக மாறினார்கள் என்பது பழங்கதை. எக்செக்கியாஸ் கொள்ளையரின் அச்சத்தையும் தெய்வத்தின் சினத்தையும் விட்டுவிட்டு, எல்லாம் முடிந்த பின் நிலவும் அமைதியை மட்டும் வரைந்தார். கிண்ணத்தில் மது நிரம்பியிருக்கும்போது கப்பல் மூழ்கிக் கிடக்கும். குடிக்கக் குடிக்கக் கொடியும் பாயும் தெய்வமும் மேலே வருவார்கள். வெறும் கிண்ணமாக அதைப் பார்க்கும் நமக்கு ஓவியம் ஒரே நொடியில் முழுதாகக் கிடைக்கிறது. அதைப் பயன்படுத்தியவருக்கோ அது மெல்ல மெல்லத் திறந்தது.

கேள்வி (மதுரை வாசகர்): விருந்துகளில் பெண்களும் சாய்ந்திருப்பதாகப் படங்கள் காட்டுகின்றன. அவர்கள் விருந்தினரின் மனைவியரா?

ஏதென்ஸைப் பொறுத்தவரை, இல்லை. குடிமக்களின் மனைவியரும் மகளிரும் இந்த விருந்துகளில் கலந்துகொள்ளவில்லை. எவ்வளவு கண்டிப்பான வழக்கம் என்றால், கி.மு. 4ஆம் நூற்றாண்டில் நடந்த ஒரு சொத்து வழக்கில், ஒரு பெண் ஆடவரோடு விருந்துக்குப் போயிருக்கிறாள் என்பதையே அவள் முறையான மனைவி அல்லள் என்பதற்குச் சான்றாக வழக்குரையில் வாதிட்டிருக்கிறார்கள். படங்களில் இருப்பவர்கள் ஹெடைரா எனப்பட்ட கணிகையரும், இரட்டைக் குழலும் யாழும் இசைக்க வாடகைக்கு அழைக்கப்பட்ட பெண்களும் ஆவர். இசைப் பெண்களுக்கு ஓர் இரவுக்கு இரண்டு டிராக்மாவுக்கு மேல் யாரும் கொடுக்கக் கூடாது, ஒரே பெண்ணைப் பலர் கேட்டால் சீட்டுப் போட்டுத் தீர்க்க வேண்டும் என்று ஏதென்ஸின் நகர அதிகாரிகள் மேற்பார்த்தார்கள். அவர்களுள் பலர் அடிமைகள். ஓவியங்களின் அழகில் மயங்கி இதை மறந்துவிடக் கூடாது என்று அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். மது ஊற்றும் சிறுவர்களையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும்: படத்தில் உருவத்தால் சிறியவர்களாய், ஆடையின்றி, செம்பும் வடிகட்டியும் ஏந்திச் சாடியருகே நிற்கும் அவர்கள்தாம் அந்த மகிழ்ச்சியைச் சுமந்தவர்கள்.

வியப்பூட்டும் விதிவிலக்கு ஒன்றும் உண்டு. யூஃப்ரோனியோஸ் கி.மு. 505 அளவில் வரைந்த குளிர்விக்கும் கலம் ஒன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிட்டாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் ஆடவர் ஒருவரும் இல்லை. நான்கு பெண்கள் மட்டும் சாய்ந்து குடிக்கிறார்கள். ஸ்மிக்ரா என்ற பெயர் எழுதப்பட்டவள் கிண்ணத்தின் கைப்பிடியை விரலில் மாட்டிச் சுழற்றி, "லியாக்ரோஸ், இதை உனக்காக எறிகிறேன்" என்கிறாள். இது 'கொட்டபோஸ்' எனும் விளையாட்டு: கிண்ணத்தின் அடியில் எஞ்சிய மதுவை வீசி, கம்பத்தின் உச்சியில் நிறுத்திய சிறு தட்டை ஓசையுடன் விழவைக்க வேண்டும், எறியும்போது விரும்பியவரின் பெயரைச் சொல்ல வேண்டும். லியாக்ரோஸ் ஏதென்ஸில் உண்மையாகவே வாழ்ந்த அழகிய இளைஞன். அவனைப் புகழும் சொற்கள் அந்தக் காலத்துக் கலங்கள் பலவற்றில் உண்டு. பெண்கள் மட்டும் கூடிய இத்தகைய விருந்து உண்மையில் நடந்தது என்று நாம் எண்ணவில்லை. ஆடவரின் கூடத்தில், ஆடவர் பார்க்க, ஆடவரின் விளையாட்டைப் பெண்கள் விளையாடுவதாக வரைந்த கற்பனை அது. அதில் பேசுவது ஆடவரின் ஆசையே.

பெண்கள் தாமே மதுவைக் கையாளும் வேறு வகைப் படங்களும் உள்ளன. மேலே சொன்ன டயோனிசஸின் முகமூடித் தூணுக்கு முன் நின்று, பெண்கள் பெரிய சாடிகளிலிருந்து மதுவைக் கரண்டியால் முகந்து கிண்ணங்களில் ஊற்றுகிறார்கள். நேரான உடை, நிதானமான நிற்கை. அது வழிபாடு என்பது பார்த்தவுடன் விளங்கும்.

கேள்வி (திருநெல்வேலி வாசகர்): குடித்து வாந்தி எடுப்பவரைக் கூட ஒரு கிண்ணத்தில் வரைந்திருக்கிறார்கள். குடிப்பவருக்குத் தரும் எச்சரிக்கையா அது?

தாங்கள் குறிப்பிடுவது பிரிகோஸ் ஓவியர் என்று இன்று அழைக்கப்படுபவர் கி.மு. 490–480 அளவில் வரைந்த கிண்ணம். ஜெர்மனியின் வுர்ஸ்பர்க் நகரில் இருக்கிறது. வெளிப்புறத்தில், விருந்து முடிந்து பாட்டும் குழலுமாகத் தெருவில் செல்லும் கூட்டம். உட்புற நடுவட்டத்தில், மாலை சூடிய ஒருவன் தடியை ஊன்றிக் குனிந்து வாந்தி எடுக்க, ஓர் இளம்பெண் அவன் தலையைத் தாங்கிப் பிடித்திருக்கிறாள். இந்த நடுவட்டம் கிண்ணத்தின் அடியில் இருக்கிறது. மதுவைக் கடைசிச் சொட்டுவரை குடித்தவருக்குத்தான் அது தெரியும்.

இதை வெறும் அறிவுரை என்று சொல்லிவிட முடியாது. ஓவியத்தில் வெறுப்பு இல்லை. அந்தப் பெண்ணின் கைகளில் பரிவு இருக்கிறது. நண்பர்கள் பார்த்துச் சிரித்திருப்பார்கள், தங்கள் நிலையையும் அளந்திருப்பார்கள். கி.மு. 4ஆம் நூற்றாண்டின் நகைச்சுவை நாடக ஆசிரியர் யூபூலஸ், டயோனிசஸே பேசுவதாக ஒரு கணக்குச் சொல்கிறார். அறிவுள்ளவருக்கு மூன்று சாடிகள் போதும்: முதலாவது உடல்நலத்துக்கு, இரண்டாவது காதலுக்கும் இன்பத்துக்கும், மூன்றாவது உறக்கத்துக்கு. அதைக் குடித்ததும் நல்லவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நான்காவது சாடி வரம்பு மீறலுக்கு உரியது. ஐந்தாவது கூச்சலுக்கு, ஆறாவது தெருவில் ஆடுவதற்கு, ஏழாவது வீங்கிய கண்ணுக்கு, எட்டாவது வழக்குக்கு, ஒன்பதாவது பித்தத்துக்கு, பத்தாவது வெறிபிடித்துப் பொருள்களை எறிவதற்கு. வுர்ஸ்பர்க் கிண்ணத்தின் வெளிப்புறம் ஆறாவது சாடியைக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி (சிங்கப்பூர் வாசகர்): ஏதென்ஸில் செய்தவை என்கிறீர்கள், ஆனால் பெரும்பாலும் இத்தாலியில் கிடைத்ததாகப் போட்டிருக்கிறது. அப்படியானால் இவை ஏதென்ஸின் வாழ்க்கையைக் காட்டுகின்றன என்று எப்படி நம்புவது?

மிகச் சரியான ஐயம். முழுமையாகக் கிடைத்த கலங்களில் பெரும்பகுதி, இத்தாலியின் நடுப்பகுதியில் வாழ்ந்த எட்ருஸ்கர்களின் கல்லறைகளிலிருந்து வந்தவை. 1828 முதல் வுல்சியில் தோண்டியபோது ஆயிரக்கணக்கில் வெளிவந்தன. அதற்கு முன் இத்தாலியில் கிடைத்தவற்றை எட்ருஸ்கர்களே செய்தவை என்று கருதியதால்தான், இங்கிலாந்தின் மட்பாண்ட உற்பத்தியாளர் வெட்ஜ்வுட் 1769இல் திறந்த தொழிற்சாலைக்கு எட்ரூரியா என்று பெயர் வைத்தார். கலங்களில் உள்ள கிரேக்க எழுத்தும், களிமண்ணின் தன்மையும், ஏதென்ஸிலேயே கிடைத்த உடைந்த துண்டுகளும் உண்மையைக் காட்டின.

ஏதென்ஸ் குயவர்கள் இந்தச் சந்தையை நன்றாக அறிந்திருந்தார்கள். கி.மு. 6ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொழில் நடத்திய நிக்கோஸ்தனீஸ், எட்ருஸ்கர்களின் உள்ளூர்க் கறுப்புப் பாண்டத்தின் வடிவத்தை எடுத்து, அதன் மேல் ஏதென்ஸ் ஓவியத்தைத் தீட்டி அவர்களுக்கே விற்றார். எட்ருஸ்கர்களின் விருந்தில் மனைவி கணவனோடு ஒரே மஞ்சத்தில் சாய்ந்திருந்தாள். அவர்களுடைய நகரமான தார்க்குவினியாவின் கல்லறைச் சுவரோவியங்கள் அதைத் தெளிவாகக் காட்டுகின்றன, கிரேக்க எழுத்தாளர்கள் அதைக் கண்டு முகம் சுளித்தார்கள். ஆகவே ஒரே கிண்ணத்தில் சாய்ந்திருக்கும் பெண்ணை ஏதென்ஸ்காரர் கணிகை என்றும் எட்ருஸ்கர் வீட்டுத் தலைவி என்றும் பார்த்திருக்க இடமுண்டு.

இருந்தாலும் இவை ஏற்றுமதிக்காக மட்டும் செய்த கற்பனைகள் அல்ல. கி.மு. 480இல் பாரசீகர் ஏதென்ஸைச் சூறையாடிய பின், அகோரா எனும் பொதுச் சதுக்கத்தை ஒட்டிய வீடு ஒன்றின் கிணற்றில் உடைந்த பாண்டங்களைக் கொட்டி மூடியிருந்தார்கள். அதில் சமையல் பானைகளோடு, விருந்துக் கிண்ணங்களும் சாடிகளும், ஓவியம் உள்ளவையும் வெறும் கறுப்புப் பூச்சுள்ளவையும் கலந்து கிடந்தன. ஏதென்ஸ் வீட்டில் இவை புழங்கின என்பதற்கு இது நேரடிச் சான்று. படங்கள் எதைக் காட்டுகின்றன என்பதோடு எதைக் காட்ட மறுக்கின்றன என்பதையும் கவனிக்க வேண்டும். திராட்சையைப் பறிப்பதும் மிதிப்பதும் கடும் உழைப்பு. ஆனால் அமாசிஸ் ஓவியர் அதை வரைந்தபோது, டயோனிசஸின் தோழர்களான, குதிரை வாலுள்ள சாட்டிர்கள் பாட்டோடு விளையாட்டாகச் செய்வதாகவே வரைந்தார். தோட்டத்தில் உழைத்த மனிதர்களுக்கு விருந்துக் கலத்தில் இடம் கிடைத்தது மிக அரிது.

கேள்வி (புதுச்சேரி வாசகர்): அரிக்கமேட்டில் யவனர்களின் மது ஜாடிகள் கிடைத்தனவே, அவற்றில் இப்படிப்பட்ட ஓவியங்கள் உண்டா?

இல்லை, காலம் வேறு. ஏதென்ஸின் செவ்வுருவக் கலங்கள் கி.மு. 4ஆம் நூற்றாண்டின் இறுதியோடு நின்றுபோயின. அரிக்கமேட்டுக்கு மேற்கத்தியக் கலங்கள் வந்தது அதற்கு இரண்டு மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின். 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் கிடைத்த ஆம்போராத் துண்டுகள் ஓவியமற்ற சரக்கு ஜாடிகள். கிரேக்கத் தீவான கோஸின் மது ஜாடி வடிவத்தைச் சேர்ந்தவையும் அவற்றில் உண்டு. உடன் கிடைத்த பளபளப்பான சிவப்புப் பாண்டம் இத்தாலியின் அரெட்சோ நகர வகையைச் சேர்ந்தது. அரெட்சோ முன்பு எட்ருஸ்கர்களின் நகரம். அந்தப் பாண்டத்தில் உருவங்களைத் தூரிகையால் தீட்டவில்லை, அச்சில் அழுத்திப் புடைப்பாக எடுத்தார்கள். யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலை, பொன் கலத்தில் ஏந்தி மகளிர் ஊட்ட மகிழ்ந்திருக்குமாறு பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்தும் புறநானூற்றுப் பாடல் (56) இந்த வணிகக் காலத்தின் சூழலோடு பொருந்துகிறது.

கேள்வி (திருச்சி வாசகர்): புகழ்பெற்ற கிரேக்கச் சாடி ஒன்றை அருங்காட்சியகக் காவலரே உடைத்துவிட்டார் என்று படித்தேன். உண்மையா?

உண்மை. அது ஃபிரான்சுவா சாடி, கி.மு. 570 அளவில் எர்கோட்டிமோஸ் வனைந்து கிளைட்டியாஸ் தீட்டியது, 66 செ.மீ. உயரமுள்ளது, மதுவும் நீரும் கலப்பதற்கான கிராட்டெர். வீரன் பீலியஸுக்கும் கடல் தெய்வம் தெட்டிஸுக்கும் நடந்த திருமணத்துக்குத் தெய்வங்கள் ஊர்வலமாக வருவதை அதில் காணலாம். பெரும்பாலோர் பக்கவாட்டில் முகம் காட்ட, மது ஆம்போராவைத் தோளில் சுமந்து வரும் டயோனிசஸ் நம்மை நேராகப் பார்க்கிறார். 1900இல் ஃபிளாரன்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்தின் காவலர் ஒருவர் சினத்தில் முக்காலியை எறிந்ததில் அது 638 துண்டுகளாயிற்று. பொறுமையாக ஒட்டிச் சேர்த்தார்கள். 1966இல் அந்த நகரைத் தாக்கிய வெள்ளத்துக்குப் பிறகு முழுவதும் பிரித்து மறுபடி சீரமைத்து, 1973இல் பணியை முடித்தார்கள். இன்றும் அதே அருங்காட்சியகத்தில் அதைக் காணலாம்.